பாரமும் இடமும் நானும்

பெட்டியைப் பார்த்தே அதன் பாரத்தைச் சொல்லும் வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது. கொக்குவிலில், வெளிநாட்டுக்குப் பொதி அனுப்பும் கடையில், பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கும் நான் பின்னேரங்களில் அதைத்தான் செய்கிறேன். பாரம் கூடி இடம் குறைந்தால் முதலாம் வகுப்பு. இடம் கூடிப் பாரம் குறைந்தால் மூன்றாம் வகுப்பு. நடுவில் நிற்பது இரண்டாம் வகுப்பு. லொறியில் இடம் பிடிப்பதற்காக முதலில் கண்ணால் மதிப்பிட்டு எழுதவேண்டும். அதன் பிறகுதான் பின்னறையில் அளவுநாடாவும் தராசும்.

"மூண்டு பிழை விட்டீரெண்டால் திரும்ப ஸ்டிக்கர் ஒட்டத்தான் போகவேணும்" என்றார் முதலாளி ரவி அண்ணை. எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவருக்கும் இதே சட்டமா என்று கேட்டேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவேயில்லை. பகுதிநேர வேலை பார்த்துப் பட்டவர்களுக்கு இது விளங்கும்.

செங்கல் மாதிரி ஒரு பொதி

சாவகச்சேரியிலிருந்து ஓர் ஐயா, கயிறு போட்டு இறுக்கிய பொதியோடு வந்தார். செங்கல் மாதிரி இருந்தது. 'ஒன்று' என்று எழுதினேன். பின்னறைக்குப் போகும் வழியில் கயிறு அறுந்தது. உள்ளே நாலு இலவம்பஞ்சுத் தலையணை. அதற்குப் பிறகு பொதி கதவுக்குள்ளால் போகமாட்டேன் என்றது. இது நியாயமா என்று ஐயாவோடு வாதாடப் போனேன். அவர் ஆறுதலாகச் சொன்னார்: "பிள்ளை, அது இவ்வளவு நேரமும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது. இப்பதான் விட்டிருக்கு."

பிஸ்கற் பெட்டி

அடுத்த கிழமை ஓர் அன்ரியின் சின்னப் பிஸ்கற் பெட்டி மேசையில் இருந்தது. தூக்கிப் பார்க்கக்கூடாதென்பது ரவி அண்ணையின் இன்னொரு சட்டம். என் முதுகு பிடித்தால் அவர் பொறுப்பில்லையாம். பிஸ்கற்தானே என்று 'மூன்று' எழுதிவிட்டு, பின்னறைக்குக் கொடுக்க ஒற்றைக் கையால் இழுத்தேன். பெட்டி வரவில்லை, நான்தான் போனேன். உள்ளே கருங்கல் உரல். அன்ரி என்னை எழுப்பிவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, பெட்டிக்குள்ளை என்ன கிடக்கெண்டு ஒரு வாய் கேட்டால், கம்பஸிலை புள்ளி குறைப்பினமோ?"

குடம்

மூன்றாவது பெட்டி வந்தபோது ரவி அண்ணை ஸ்டிக்கர் சுருளைக் கையில் வைத்துக்கொண்டே எனக்குப் பின்னால் நின்றார். ரொறன்ரோவில் மகள் புதுவீடு குடிபுகுகிறாளாம். சுன்னாகத்து அம்மா ஒருவர் அனுப்புகிறார். பெரிய பெட்டி. மேலே 'பித்தளைக் குடம்' என்று எழுதியிருந்தது.

"குடமெண்டால் முழுக்கக் காத்து. மூண்டெண்டு எழுதும், உதுக்கு என்ன யோசினை?" என்றார் அண்ணை.

கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆனால் கணக்கு அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். 'ஒன்று' என்று எழுதினேன். அண்ணை சிரித்துக்கொண்டே பெட்டியைத் தானே தூக்கப் போனார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், குடத்துக்குள் மிளகாய்த்தூளும் உழுத்தம்மாவும் ஒடியல்மாவும் கழுத்துவரை இடித்து அடைக்கப்பட்டிருந்தன.

தராசு முள் எனக்குச் சாதகமாகப் போய் நின்றது. படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து அண்ணையைப் பார்த்தார்: "ஏன் தம்பி, புதுவீட்டுக்கு ஆரும் வெறுங்குடம் அனுப்புவினமோ?"

ஸ்டிக்கர் சுருள் இப்போது ரவி அண்ணையின் மேசையில் இருக்கிறது, எனக்கோ இன்னும் ஒரு பிழை கைவசம் இருக்கிறது, அதை எந்தப் பெட்டியில் செலவழிக்கலாமென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.