கைப்பிடி பின்பக்கம்

நான் வீட்டுக்குப் போனபோது அவள் ஒரு தடித்த வாரின் மேல் மூன்றாம் முறையாகத் தையல் ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பைகளுக்குத் தோளில் மாட்ட வைக்கிற வார். பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்தது. இடது கை வாரை ஊசிக்கு அடியில் தள்ள, வலது கை சக்கரத்தைச் சுற்றியது. தையல் மெஷினில் மோட்டார் இருக்கிறது. ஆனால் தடித்த இடத்தில் அவள் மோட்டாரை நம்ப மாட்டாள்.

சபையில் அவளுக்கே மோட்டார் என்றுதான் பெயர். பாட்டு முடிவதற்குள் எழுந்து நாற்காலி அடுக்குவாள். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்தால், இவள் கண்ணைத் திறந்து எந்த மின்விசிறி சத்தம் போடுகிறது என்று பார்ப்பாள். பதினாறு வயதில் பை தைக்கப் போனவள், ஐம்பத்து நாலிலும் அதே பட்டறை. நடுவில் பட்டறை இரண்டு வருடம் மூடிக் கிடந்தது. மாமியார் நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். முதல் குழந்தை பிறந்த பதினோராம் நாள் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பேச்சுதான்: கர்த்தர் கைவிட மாட்டார். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். உட்கார்ந்து அழுது நான் பார்த்ததில்லை. அது நல்லதா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன்.

இப்போது அவள் வீட்டுக்காரர். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மனிதர். ஏழு வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறலோடு திரும்பிவிட்டது, கால்தான் பாக்கி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் சோதனை. கட்டிலிலிருந்து வார்டு வாசல் வரை பன்னிரண்டு எட்டு. ஒரே ஒருவர் துணையோடு நடந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் ஊருக்கு வெளியே உள்ள பராமரிப்பு இல்லம். அங்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் பார்க்க விடுவார்கள்.

நான் அவள் வீட்டுக்குப் போன அன்று காலை வார்டில் ஒத்திகை. நானும் பக்கத்தில் நின்றேன். இவள் அவருக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு நடை பழக்குவது போலப் பின்னோக்கி நடந்தாள். கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு முன்னால் சாயும், கால் பின்தங்கும். நாலாவது எட்டில் அவர் முட்டி மடங்கி இவள் மேல் சரிந்தார். பிசியோதெரபி பெண் பாய்ந்து பிடித்ததால் தப்பினார்கள்.

"அம்மா, கையை விடுங்க," என்று அந்தப் பெண் மூன்று தடவை சொன்னாள். இவள் மூன்று தடவையும் தலையை ஆட்டி மறுத்தாள்.

"நாளைக்கும் இப்படி இழுத்தீங்கன்னா, முடியாதுன்னுதான் நான் எழுதணும்."

இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்து நடத்தச் சொன்னாள். வார்டில் இருந்த பெல்ட்டின் பக்கிள் உடைந்து கிடந்தது. நானே தைக்கிறேன் என்று இவள் கிளம்பி வந்துவிட்டாள். அதற்குத்தான் இந்த வார்.

முடித்து என்னிடம் நீட்டினாள். தையலைக் குறை சொல்ல முடியாது, யானையைக் கட்டலாம். ஆனால் கைப்பிடி இரண்டும் பக்கிளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வயிற்றின் மேல் இருந்தன.

"கைப்பிடி எதுக்கு முன்னால?"

"நான் முன்னாலதானே நிப்பேன்."

"முன்னால நின்னு இழுக்க எதுக்கு இவ்வளவு நூல்? கையே போதுமே."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தரிக்கோல் நுனியால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்துக்கொண்டே, இத்தனை வருடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அந்தப் பதினோராம் நாள் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். ஒரு நர்ஸ் வந்து, கையை விடும்மா என்றாளாம். விட்டாளாம். அதற்குப் பிறகு யார் அப்படிச் சொன்னாலும் காது அடைத்துவிடுகிறதாம். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். திரும்பத் திறந்தாள்.

"கர்த்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கொடுத்தாங்க அக்கா. ஏழு வாரமா முன்னால தடவித் தடவிப் பாக்கறேன், ஒரு கையும் தட்டுப்படல. சபையில மட்டும் கைவிட மாட்டார்னு சாட்சி சொல்லிட்டு வரேன். நாளைக்கு இவர் விழுந்துட்டா எந்த முகத்தோட போவேன்?"

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நான் கற்றது அவர்களைத் தூக்க, திருப்ப, நடத்த மட்டும்தான். கைப்பிடிகளை அவள் முதுகுப் பக்கம் வைத்துத் தைத்ததும், பெல்ட்டை அவள் இடுப்பிலேயே கட்டினேன். இடது பக்கம், அரை அடி பின்னால் நின்று, நடக்கச் சொன்னேன்.

மூன்றாவது எட்டிலேயே, "பிடிச்சிருக்கீங்களா?" என்றாள்.

பிடித்திருக்கிறேன் என்றேன்.

"ஒண்ணுமே தெரியலயே."

தெரியக் கூடாது, தெரிந்தால் நான் இழுக்கிறேன் என்று அர்த்தம் என்றேன். அவள் நம்பவில்லை. ஜன்னல் வரை போவதற்குள் நாலு தடவை கேட்டாள், இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது தடவை திரும்பியபோது தரையில் கிடந்த மெஷின் ஒயரில் கால் சிக்கியது. முகம் தரையை நோக்கிப் போனது, பெல்ட் இறுகியது, அந்தரத்தில் நின்றாள். என் தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது, அது வேறு கதை.

கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். அவள் அசையாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவு நேரமும் பிடிச்சுட்டுத்தான் இருந்தீங்களா?"

"பின்ன?"

அவள் பெல்ட்டை அவிழ்த்துக் கைப்பிடியில் இன்னொரு தையல் போட்டாள். தேவையில்லை என்றேன், கேட்கவில்லை. பிறகு அதை எனக்குக் கட்டி, அந்தச் சின்ன அறையில் என்னை எட்டுச் சுற்று நடத்தினாள். சுற்றுக்குச் சுற்று வாய்க்குள் ஜெபம். அவளுக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. நான் கிளம்பும்போது ஜன்னலைத் திரும்பவும் சாத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிச் சோதனைக்கு ஏழு மணிக்கே வார்டில் இருந்தாள். அவரை எழுப்பி உட்கார்த்தி, பெல்ட்டைக் கட்டி, நேரம் வந்ததும் இடது பக்கம், அரை அடி பின்னால் போய் நின்றாள். முன்னால் ஆளைக் காணாமல் அவர் மிரண்டார்.

"எங்கடி போன?"

"பின்னாலதான் இருக்கேன். நேராப் பாத்து நடங்க."

"தெரியலயே."

"தெரியாது. நடங்க."

எட்டாவது எட்டில் முட்டி மடங்கியது. பிசியோதெரபி பெண் ஒரு கையை நீட்டிவிட்டாள். பெல்ட் இறுகியது. இவள் இழுக்கவில்லை, தள்ளவில்லை. கால் தானாக நிமிரும் வரை பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்தது. பன்னிரண்டாவது எட்டில் அவர் வாசல் நிலையைத் தொட்டு, விரலால் தடவிப் பார்த்து, "இதுக்கு ரெண்டாவது கோட் பெயின்ட்டே அடிக்கல," என்று குழறினார்.

ஒருவர் துணையோடு நடக்கிறார், வீட்டுக்குப் போகலாம் என்று அந்தப் பெண் எழுதினாள். எழுதிவிட்டு, வார்டுக்கும் இப்படி இரண்டு பெல்ட் தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். மோட்டார் அதற்குள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, பக்கத்துக் கட்டில்காரரைக் கையைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.