பொட்டலக்காரரும் விடுபட்ட ஒற்றும்

பகலில் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை; வீடு திரும்பினால் ஊதியமில்லாத இன்னொரு வேலை. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்களுள் பழையவற்றைச் சோதித்து, புதுப்பிப்பதா விலக்குவதா என்று முடிவு செய்யும் தன்னார்வக் குழுவில் அவரும் ஒருவர். அந்த மென்பொருள் தொகுப்புகளை அவருடைய மனைவி பொட்டலம் என்பாள். அதனால் அவர் எங்கள் தெருவுக்கே பொட்டலக்காரர் ஆனார்.

மனைவியின் அண்ணன் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். பக்கவாதத்துக்குப் பின் அவரிடம் அசைந்தது இடக்கன்னம் மட்டுமே. திரையில் எழுத்துகள் நகரும், வேண்டிய எழுத்து வரும்போது கன்னத்தைத் துடிக்கச் செய்வார், அது பதிவாகும். வெளிநாட்டிலிருந்த மகளுக்கு அப்படித்தான் எழுதினார். ஓர் ஒற்றெழுத்துக்கு அவர் பட்ட பாடு பெரிது. ஆயினும் ஒன்றையும் விட்டதில்லை. ஒற்று இருக்கிறதா என்று பார்த்தே மகள் அவருடைய உடல்நிலையைக் கணித்து வந்தாள். அது எங்களுக்குப் பின்னரே தெரிந்தது.

திரையில் எழுத்துகளை நகர்த்திய அந்த எழுத்துப்பலகையும் ஒரு பழைய பொட்டலம். உருவாக்கியவர் எப்போதோ கைகழுவிவிட்டார். அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டை வழியாக யாரோ வேறோர் ஊர் நோயாளியின் கணினிக்குள் புகுந்து, அவர் பெயரிலேயே அவர் குடும்பத்துக்கு வசைமொழி அனுப்பியிருந்தார்கள். முடிவு பொட்டலக்காரர் கைக்கு வந்தது. புதுப்பித்துப் பார்த்தார். புதுப்பித்த பலகை, மைத்துனரின் மெல்லிய துடிப்பை வெறும் நடுக்கமென்று தள்ளியது.

"மச்சான், புதுசு உங்க கன்னத்தக் கண்டுக்கவே மாட்டேங்குது."

திரையில் மெதுவாக எழுத்துகள் கூடின: புதியதற்கு என் தங்கையின் குணம்.

"ஆடுறது ஒரு கன்னம், அதுலயும் வம்பு" என்றாள் தங்கை.

"பழச விட்டுவச்சா எவனாவது உங்க பேர்ல பொண்ணுகிட்டப் பேசிடுவான். எல்லாருக்கும் நிறுத்திட்டு, உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். ஆனா நெட்டப் பிடுங்கிடணும். நீங்க எழுதுறத உங்க தங்கச்சிதான் பார்த்து அனுப்பணும்."

மகளிடம் மட்டும் சொல்ல வேண்டியவை எவ்வளவு இருந்தனவோ. ஆயினும் எழுதினார்: எடுத்துவிடு.

பொட்டலக்காரர் அதை மற்ற எல்லாருக்கும் விலக்கினார். மைத்துனர் கணினியின் இணைப்புக் கம்பியையும் பிடுங்கினார்.

மழைக்காலத்தில் ஒருநாள் திரையில் இருந்தது: என்னை பார்க்க வா.

கைப்பேசியில் அதைத் தட்டிக்கொண்டிருந்த தங்கை நிறுத்தினாள்.

"எங்கண்ணன் ஒத்தெழுத்த விடுறவரா? மெஷின்தான் முழுங்கியிருக்கும்" என்று நடுவில் ஒரு ப் சேர்த்து அனுப்பினாள்.

மகளுக்கு நிம்மதி. விடுமுறைக்கு வருவதாகப் பதில் எழுதினாள்.

அதற்கு முன்பே அவள் வர நேர்ந்தது. அப்போது கட்டில் மடிக்கப்பட்டிருந்தது. கணினியை எவரும் அணைக்கவில்லை. கடைசி வரியைப் படித்தவள், தன் கைப்பேசியை எடுத்துத் திரையருகே பிடித்தாள்.

"அத்தை, இந்த ப் யாரு போட்டது?"

"நான்தாம்மா. தப்போட அனுப்புனா அப்பாவுக்குப் பிடிக்காதுல்ல?"

கணினியைக் கழற்ற வந்த பொட்டலக்காரர், திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.