ராதிவோய் வாங்கிய எட்டு மார்க்

ராதிவோய்க்குக் கொழுப்பு அதிகம் என்று சொல்கிறவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஊரில் இருந்தார்கள். பானாத்து என்கிற எங்கள் சமவெளியில் சர்க்கரை ஆலையின் எடைமேடை அவர் பொறுப்பில் இருந்தது. பீட்கிழங்கு ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறினால் எடையைச் சொல்வதோடு நிற்க மாட்டார். டன்னையும் கிலோவையும் குழப்பிக்கொண்ட விவசாயி ஒருவன் அகப்பட்டுவிட்டால் போதும், அவன் மானம் அன்றைக்குக் கப்பலேறிவிடும். "எண்ணைப் படிச்சா மட்டும் போதுமாய்யா? அதுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்க வேணாமா?" என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் கேட்பார். தன்னைப் பற்றியேதான் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. அப்பாவும் அண்ணனும் அறுபதைப் பார்க்காதவர்கள். இரண்டு பேருமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கவில்லை. மூன்றாவதாக இவரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதுதான் மனைவி தேசான்காவின் ஒரே கவலை. அவள் நச்சரிப்புத் தாங்காமல்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் தடவையாக இரத்தம் கொடுக்கப் போனார்.

போவதற்கு முன் மூன்று நாள் ஈஸ்டர் நோன்பு போலக் கடுமையாக இருந்தார். இறைச்சி, பால், முட்டை எதையும் தொடவில்லை. ரக்கியாச் சாராயம் மட்டும் குடித்தார். பிளம் பழத்தில் காய்ச்சுவதுதானே, பழத்துக்கு எந்தப் பாதிரியாரும் தடை போட்டதில்லையே.

முடிவு வந்தது. மொத்தக் கொழுப்பு எட்டு. கெட்ட கொழுப்பு ஐந்தரை. நல்ல கொழுப்பு ஒன்றுக்கும் கீழே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நட்சத்திரம். சுகாதார நிலையத்து இளம் டாக்டரம்மா, நல்லது இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாகவும் கெட்டது இருக்கக் கூடாத அளவுக்கு அதிகமாகவும் இருக்கிறது, மொத்தம் ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தாள். ராதிவோய் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் தானே படித்து வேறு முடிவுக்கு வந்தார்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் ஐந்துதான் உச்ச மார்க். ராதிவோய் அதை உடற்பயிற்சி வகுப்பில் மட்டும் வாங்கியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் பத்துக்கு மார்க் போடுவார்கள், எட்டு வாங்கினால் வீட்டில் விருந்து வைப்பார்கள். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத மனிதருக்கு எட்டு கிடைத்திருக்கிறது, அதுவும் நட்சத்திரத்தோடு. மூன்று நட்சத்திர பிராந்தி என்ன விலை என்று அவருக்குத் தெரியும். தலைகால் புரியவில்லை.

"நல்ல கொழுப்புல மட்டும் ஒண்ணுகூட இல்லையே, ஃபெயில்தானே?" என்று தேசான்கா தயங்கினாள்.

"ஒரு பாடத்துல ஃபெயிலாகாதவன் எவன்? அதுக்கும் ஒரு ஸ்டார் குடுத்திருக்கான் பாரு."

"மாத்திரை எதுக்கு எழுதினாங்களாம்?"

"சின்னப் பொண்ணு. மருந்துக்கடைக்காரன் மாமனா இருப்பான்."

அவள் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் அதே வாரம் ஜெர்மனியிலிருந்து அவளுடைய அண்ணன் லுபிஷா வீடியோவில் கூப்பிட்டார். ஸ்டுட்கார்ட்டில் கார்த் தொழிற்சாலையில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர். சோர்ந்த முகத்தோடு, தனக்குக் கொழுப்பு இருநூற்றுப் பன்னிரண்டு, டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், காலையில் ஓட்ஸ் கஞ்சிதான் என்றார்.

"எவ்வளவு?" என்றார் ராதிவோய்.

"இருநூத்துப் பன்னிரண்டு."

"எனக்கு எட்டு, மச்சான்." அவர் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. "எட்டே எட்டு. தினமும் பன்னிக்கொழுப்பு தின்னுட்டு எட்டு. நீ கஞ்சி குடிச்சிட்டு இருநூறு. ஜெர்மனி உன்னைக் கொன்னுடுச்சுய்யா."

தேசான்கா அன்றிலிருந்து கணவனைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தாள். மாதா கோவிலில் மெழுகுவத்தி அண்ணன் பெயரில் எரிந்தது. மாத்திரைச் சீட்டு எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

நவம்பரில் பன்றி வெட்டு. எந்த ஊரில் இருந்தாலும் லுபிஷா அதற்கு வந்துவிடுவார். முற்றத்தில் அண்டா கொதிக்கும், கொழுப்பை உருக்கி முறுகலாக வறுத்தெடுக்கிற வேலை ராதிவோயுடையது. அதில் அவர் கைப்பக்குவத்துக்கு ஊரே அடிமை, அதை நானும் மறுக்க மாட்டேன். அந்த வறுவலை ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, மச்சான் தட்டில் மட்டும் வேகவைத்த உருளைக்கிழங்கை வைப்பார். "இருநூறுகாரன் நீ, தொடாதே" என்பார். முதல் வருஷம் சிரித்தார்கள். இரண்டாம் வருஷமும் சிரித்தார்கள். லுபிஷா உருளைக்கிழங்கை உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் ஸ்டுட்கார்ட்டுக்குப் போனார்.

மூன்றாம் வருஷம் மறுபடி இரத்தம் கொடுத்ததில் ராதிவோய்க்கு எட்டு புள்ளி நான்காக முன்னேற்றம். காலையிலிருந்தே கொக்கரித்துக்கொண்டிருந்தார். படியேறினால் மூச்சு வாங்குவதை நான்கு மாதமாக வயிற்றுப் பொருமல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கும் அண்டாவைக் கிளறிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ரக்கியாவை ஊற்றிக்கொண்டு, பன்றி வெட்டுகிற கிளிஷாவையும் அண்டை வீட்டாரையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"தேசான்கா, கோதுமை இருக்கா வீட்டுல? உங்கண்ணனுக்கு இப்பவே வேகவெச்சிடு. சாவு வீட்டுல அவசரத்துல சர்க்கரை மறந்துடும்."

எங்கள் பக்கம் சாவுக்கு வேகவைக்கிற கோதுமையை வைத்து யாரும் விளையாடுவதில்லை. முற்றத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. லுபிஷா கத்தியைத் தட்டில் வைத்தார்.

"மாப்பிள்ளை, உன் மேடையில ஒருத்தன் எட்டுன்னு சொல்றான், இன்னொருத்தன் இருநூறுன்னு சொல்றான். எது கனம்?"

"எட்டு என்ன, டன்னா கிலோவான்னு முதல்ல கேப்பேன். என்னை என்ன அந்த ஏமாளிங்கன்னு நெனச்சியா?"

"உன் சீட்டுல எட்டுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

ராதிவோய் அண்டாவின் பக்கம் திரும்பி அகப்பையைத் தேடினார். அந்தச் சீட்டில் எண்ணையும் நட்சத்திரத்தையும் தவிர வேறு எதையும் அவர் பார்த்ததே இல்லை.

"இங்க அளக்கிற அளவு வேற, அங்க அளக்கிற அளவு வேற," என்றார் லுபிஷா. "உன்னோடதை எங்க அளவுக்கு மாத்தணும்னா முப்பத்தெட்டரையால பெருக்கணும். உனக்கு முந்நூத்து இருபதுக்கும் மேல. எனக்கு உங்க கணக்குல அஞ்சரை. ஸ்டார் போடுறது பரிசு குடுக்க இல்ல, ஆபத்துன்னு காட்டறதுக்கு."

கிளிஷா குனிந்து கத்தியைத் துடைக்க ஆரம்பித்தான், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

தேசான்காதான் அண்ணனிடம் வந்தாள். "உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள் போன்ல சொன்னப்பவே தெரியும்."

"மூணு வருஷமா?"

"எத்தனை பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தினான்? ஆடட்டும், சரியான நேரத்துல வெச்சுக்கலாம்னு இருந்தேன்."

"சரியான நேரம்னா? அவனைப் பெட்டியில வெச்சு மூடினப்புறமா?" அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீ ஜெயிக்கறதுக்கு அவன் சாகணும்னு காத்திருந்தியாண்ணா? உங்க ரெண்டு பேருக்கும் இது விளையாட்டு. கோதுமை வேகவைக்கிறது நான்."

"விடு தேசான்கா, மச்சான் ஏதோ..." என்று ராதிவோய் பெருந்தன்மையாக ஆரம்பித்தார்.

"நீ வாயை மூடு," என்றாள் அவள்.

விருந்தாளிகள் தங்கள் பங்கு வறுவலை எடுத்துக்கொள்ளாமலே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அண்டாவுக்கு அடியில் தீ தானாக அடங்கியது. பெஞ்சியின் ஒரு முனையில் ராதிவோயும் மறு முனையில் லுபிஷாவும் உட்கார்ந்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்கிற பழக்கமே இரண்டு பேருக்கும் இல்லை.

ஊர் கேட்கக் கத்தியே பழக்கப்பட்ட மனிதர், பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"மச்சான், ஜெர்மனியில இந்த முந்நூத்து இருபதோட யாராவது உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றார் லுபிஷா. "டாக்டர் சொன்ன அன்னிக்கே மாத்திரை வாங்கினவங்க."