துப்பாக்கி என்னுடையது, வேட்டு அவனுடையது

இன்று காலை எங்கள் மான்மவுத் ஜங்ஷன் வீட்டின் பின்புறத்தில் ஒரு மான் நின்று கத்தரிச்செடியை மேய்ந்துகொண்டிருந்தது. நியூ ஜெர்சியில் மான் என்பது பக்கத்து வீட்டு ஆடு மாதிரிதான், யாரும் அதற்காகக் கேமராவைத் தேடி ஓடுவதில்லை. சன்னலைத் தட்டினேன். வாயில் இலையோடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேய ஆரம்பித்தது. “ஏனுங்க, கண்ணாடியத் தட்டுனா போயிருமா? வெளிய போய் முடுக்கி உடுங்க” என்றாள் மனைவி. சொந்த ஊரான கோபியை விட்டு வந்து இத்தனை காலமாகியும் அவள் பேச்சில் கோபி அப்படியே இருக்கிறது. நான் முடுக்கப் போகவில்லை. இந்த மானின் டெக்சாஸ் சொந்தக்காரர்களில் ஒருவரைத் தரிசிக்க, விடியற்காலைக் குளிரில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்துக்கிடந்தவன் நான்.

அப்போது என்னிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. என்னைப் பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை. தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸில், ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் கேரி என்று ஒரு டெக்சாஸ்காரர். கூடாரம் வாங்கலாம் என்று அவரோடு ஒரு கடைக்குப் போனவன், சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கிகளைப் பார்த்து மயங்கி நின்றுவிட்டேன். இருப்பதிலேயே மலிவானதைக் கேட்டு வாங்கினேன். எதை வாங்கினாலும் நாங்கள் அப்படித்தான் கேட்போம்.

மலிவு என்பதற்காகக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கட்டையை அழுத்தினால் ரைஃபிள் நடுவில் மடியும். குழலுக்குள் ஒரே ஒரு தோட்டாவைச் செருகி நிமிர்த்த வேண்டும். குதிரை என்கிற சின்னச் சுத்தியலைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து, விசையை அமுக்கினால் வேட்டு. அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். மறுபடியும் மடித்தால் காலித் தோட்டா தோளுக்கு மேலே துள்ளிப் போய் விழும். விசை மகா இறுக்கம். மரப்பிடி ஏதோ வெள்ளை மரத்துக்குத் தேக்குச் சாயம் பூசியது. சுட்டால் தோளில் விழும் உதைக்கு ரெண்டு நாள் தைலம் தேய்க்க வேண்டும். ஆனால் மடித்துப் பார்த்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். துப்பாக்கி வந்த அன்று என்னோடு பேசாமலிருந்த மனைவி, அதை நாலைந்து முறை மடித்துப் பார்த்த பிறகுதான் சோறு போட்டாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மற்ற வீடுகளில் கீபோர்டுக்கும் கார் சாவிக்கும் பொட்டு வைத்தார்கள். எங்கள் வீட்டில் நிஜமாகவே ஓர் ஆயுதம் இருந்ததில் மனைவிக்குக் கொஞ்சம் பெருமைதான். குழல் நெடுக சந்தனமும் குங்குமமும் அப்பினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் நானும் தொடவில்லை. மறுநாள் துடைத்தபோது பொட்டு வைத்த இடமெல்லாம் துரு. அதைப் போக்க நான் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் சதக் வந்தான்.

சதக் கீழக்கரைக்காரன், எங்கள் அபார்ட்மென்டில் மாடியில் இருந்தான், அதே கம்பெனி. கல்யாணமாகி ஜுலைஹாவை அழைத்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளுக்கு மசக்கை. சும்மா மசக்கை இல்லை. வாசனை என்று ஒன்று வந்தாலே வாந்தி. என் துப்பாக்கி எண்ணெய் மாடிப்படி வரை மணக்கிறது, ஜன்னலை மூடிக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் வந்திருந்தான். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

“எதுவும் தங்கல மாப்ள. இன்னும் வெயிட் குறைஞ்சா அட்மிட் பண்ணிடுவேன்னு டாக்டர் சொல்றா. கறி வேணுங்கிறா. ஹூஸ்டன்ல இருந்து ஹலால் கறி வாங்கிட்டு வந்தேன். ஐஸ் வாடைன்னு கிட்டகூட வரல. அன்னிக்கு அறுத்த கறியா வேணுமாம். நான் எங்க போவேன்?”

இன்றைக்கு இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்று ஆஸ்டின் பக்கம் எங்களுக்குத் தெரிந்து ஒரு ஹலால் கடை இல்லை. ஆடு வளர்ப்பவர் யாரையும் தெரியாது. தெரிந்தவர் கேரி ஒருவர்தான், அவருடைய மாமனாரின் காட்டில் இருந்தது மான். அடுத்த மாதம் வேட்டை சீசன் ஆரம்பிக்கிறது, நான் ஒன்றைச் சுட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன், ஏதோ தினமும் சுடுகிறவன் போல.

சதக் ஊருக்கு போன் போட்டு அவன் வாப்பாவிடம் கேட்டான். வாப்பா பள்ளிவாசலில் கேட்டுச் சொன்னார். மான் கூடும், அதாவது சாப்பிடலாம். ஆனால் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லிச் சுட வேண்டும், அதையும் சதக்கே சுட வேண்டும், நான் சுட்டால் ஆகாது. ஆக, கையில் துப்பாக்கியைத் தொட்டே இராத ஒருவன், ஒரே ஒரு தோட்டா போகும் துப்பாக்கியால் மானைச் சுட்டாக வேண்டும். அவனும் லைசென்ஸ் வகுப்பெல்லாம் போய் வந்தான். காலிப் பால் கேன்களை நிற்க வைத்துப் பழகினோம். கேன்கள் பெரும்பாலும் சௌக்கியமாகவே வீடு திரும்பின.

அந்த விடியலை எப்படிச் சொல்வது? கேரியின் மாமனாருடைய மேட்டு நிலம், ஓக் மரங்கள், காலடியில் பனியில் நனைந்த புல். வேட்டைக்காரர்கள் ஒளிந்திருப்பதற்கென்று தகரக் கூரை போட்ட ஒரு மரப்பெட்டிக்குள் ரெண்டு பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் எங்கிருந்தோ வருவதாக இல்லாமல் புல்லுக்குள்ளேயே ஊறுவது போலிருந்தது. எது மரம், எது மூட்டம் என்று தெரியாத அந்த நேரத்தில், நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு புதர் கழுத்தைத் திருப்பியது. மான். சதக் குதிரையை இழுத்தான், குறி வைத்தான். பிறகு, தொழுகையில் நிற்பவன் போல, கணீரென்று “பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்” என்றான்.

முதல் சொல்லிலேயே மான் போய்விட்டது. அவன் சுடவே இல்லை.

“மனசுக்குள்ள சொல்லக் கூடாதாடா?”

“வாயால சொல்லணும், மாப்ள.”

அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்குள் ஜுலைஹாவுக்கு ஒருநாள் ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றியிருந்தார்கள். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், சோபாவில் ஒரு போர்வை கிடப்பது போலக் கிடந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்ததும் அவன் காதில் சொன்னேன்.

“நான் சுட்டுடறேன். நீ சுட்டதா சொல்லிக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்?”

“அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல” என்றான்.

அன்று மூட்டம் இன்னும் அதிகம். மான் வெகு அருகில் வந்து நின்றது. சதக்கின் உதடு அசைவதைப் பார்த்தேன். ஊதினால் அணைந்துவிடும் விளக்குக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாகச் சொன்னான். எனக்கே கேட்கவில்லை, ஆனால் சொன்னான். வேட்டுச் சத்தம் மலைச்சரிவில் போய் இடித்துத் திரும்பியபோது மான் விழுந்து கிடந்தது. துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் என் மனைவி ஊர் மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்க, சதக்கே சமைத்தான். ஜுலைஹா மூக்கை மூடிக்கொள்ளவில்லை. முதலில் குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்து ஒரு வாய். நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். “எல்லாரும் என்னையே பார்த்தா எப்டிண்ணே சாப்பிடறது?” என்றாள். பிறகு தட்டை நீட்டி இன்னும் கேட்டாள். சதக் தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லி பால்கனிக்குப் போய்விட்டான், அங்கே தண்ணீர் ஏது.

பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு ஊரில் ஹலால் கடைகள் வந்தன, தேவை தீர்ந்தது. ஆனாலும் ஒவ்வொரு நவம்பரும் போனோம். துப்பாக்கி என்னுடையது, வேட்டு அவனுடையது. அவன் சுட்டதை ரெண்டு வீடும் சாப்பிடலாம் அல்லவா? அக்டோபர் வந்தாலே ஜுலைஹா பெரிய பாத்திரத்தைத் துலக்கி வைத்துவிடுவாள்.

இரண்டாயிரத்து ஒன்று அக்டோபரில், நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மறுமாதம், நான்தான் போன் செய்தேன்.

“இந்த வருஷம் வேணாம் மாப்ள. என் பேரோட நான் துப்பாக்கியத் தூக்கிட்டு ஒரு காட்டுக்குள்ள நின்னா… வேணாம். கேரிக்கும் கஷ்டம். நீ போ. நீ சுடு.”

“நான் சுட்டா நீங்க சாப்பிட முடியாதே.”

“ஆமா” என்றான்.

பின்னால் ஜுலைஹாவின் குரல் கேட்டது. “யாரு, அண்ணனா? எப்பப் போறீங்களாம்?” சதக் போனைக் கையால் மூடாமலே அவளிடம் சொன்னான். “இந்த வருஷம் அவனுக்கு நேரம் ஒழியலயாம்.” எனக்குக் கேட்கட்டும் என்றுதான் மூடாமல் சொல்லியிருக்கிறான். சரி என்று நானும் வைத்துவிட்டேன்.

அடுத்த வருஷமும் எனக்கு ஒழியவில்லை. அப்புறம் நான் வேலை மாறி இங்கே வந்துவிட்டேன், துப்பாக்கியைக் கேரியிடமே கொடுத்தேன். அந்த மாதிரித் துப்பாக்கியை இப்போது கடைகளில் காணோம் என்கிறார்கள். அந்த மேட்டு நிலத்தில் வரிசை வரிசையாக வீடுகள் வந்துவிட்டனவாம்.

போன வருஷம் அவர்கள் பெண்ணின் நிக்காஹ்வுக்குப் போயிருந்தோம். ஜுலைஹா எனக்குப் பிரியாணி வைத்துக்கொண்டே, “எவ்ளோ நல்லா போயிட்டு இருந்துச்சு. நீங்கதாண்ணே அதை நிறுத்திட்டீங்க” என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த சதக் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

“ஆமாம்மா” என்றேன். “எனக்குத்தான் ஒழியாமப் போச்சு.”