சிப்பி மேட்டின் கிழக்கு ஓரம்

பினாங்குக்கு எதிர அக்கரையில வெள்ளைக்காரத் துரைங்க சிப்பி மேட்டைத் தோண்டி மனுச எலும்பா எடுக்கிறாங்கன்னு தண்ணிக்குழாயடியில பேச்சு வந்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. காய்ச்சல்ல போன என் தலைச்சன் பிள்ளை அந்த மேட்டுலதான் கிடக்குது.

கல்யாணமான புதுசுல நாங்க அங்கதான் இருந்தோம். மலை மாதிரி குவிஞ்ச பழைய சிப்பியை வெட்டிக் காளவாய்க்குச் சுமக்கிறது என் புருசனுக்கு வேலை. அதைச் சுட்டா சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு. பல்லு முளைக்காத பிள்ளையை எங்க சனம் எரிக்காது, புதைக்கும். சுத்திலும் சதுப்பு, ஒரு முழம் தோண்டினா தண்ணி ஊறும். பச்சப்புள்ளைய ஈரத்துல போட மனசு வருமா? மேட்டோட கிழக்கு ஓரம் காஞ்சு கிடந்துச்சு, வெட்டும் அதுவரைக்கும் வரல. அங்க வச்சோம். கொஞ்ச நாள்ல அவரு திடீர்னு துறைமுக வேலைக்குன்னு என்னைப் பினாங்குக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு.

"எலும்பைப் பெட்டி கட்டிச் சீமைக்கு அனுப்பிருவாங்களாம். வாங்க, போய்க் கேப்போம்"னேன். "போகாதேடி"ன்னாரே தவிர எந்திரிக்கல. நல்ல அப்பன்தான்னு திட்டிட்டுத் தனியாப் படகேறினேன்.

மேட்டுல ஒரு துரை மண்டையோட்டைத் தூசி தட்டிட்டு இருந்தாரு. கூட, கணக்கெழுதுற யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருத்தரு. நான் அழுதுக்கிட்டே சொன்னதைக் கேட்டு அந்தக் கிராணிக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

"இதெல்லாம் ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தின சனம் அம்மா. சின்னப் பிள்ளையின்ர எலும்பு ஒண்டும் இல்லை. அழாதேங்கோ."

அப்பாடா! பெத்த வயிறு குளுந்துச்சு. கிழக்கு ஓரம் எங்கன்னு கேட்டேன். அவரு கை காட்டின பக்கம் மேடே இல்ல. பள்ளமும் தேங்கின தண்ணியும்தான்.

"அந்தப் பக்கத்தைக் காளவாய்க்காரர் எப்பவோ வெட்டிச் சுட்டுப்போட்டினம். மிச்சத்தைத்தான் நாங்கள் பாக்கிறம்."

வீட்டுக்கு வந்து அவரு முன்னாடி நின்னேன். "உங்களுக்குத் தெரியுமா?"

தலை நிமிரல. "கங்காணி அந்த ஓரத்தை வெட்டச் சொன்னான். கால்ல விழுந்தேன்டி, கேக்கல. மத்தவங்க வெட்டிட்டாங்க."

"அடப்பாவி மனுசா, பிள்ளையை எடுத்து வேற எங்கயாச்சும் வச்சிருக்கலாமே!"

"கூடை கூடையாக் கொட்டித் தேடினேன்டி. எல்லாம் வெள்ளையா இருந்துச்சு. எது சிப்பி, எது பிள்ளைன்னு எனக்குத் தெரியல."

அந்தச் சுண்ணாம்பு எங்க போச்சுன்னு கேட்டேன். "இங்கதான், பினாங்குக்கு"ன்னாரு. அதுக்கப்புறம் இந்த ஊர்ல வெள்ளையடிச்ச எந்தச் சுவத்துலயும் நான் முதுகைச் சாய்க்கல. என் பிள்ளை எதுல இருக்குதோ, யாருக்குத் தெரியும்?