நூல் சுற்றிய பேனா

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையம். அங்கே கணினியில் உட்காரும் அண்ணன் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். மேசையில் இரண்டு பேனாக்கள். ஒன்றில் மட்டும் நூல் சுற்றியிருக்கும்.

பால் பரிசோதனை முடிவுகளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் மென்பொருளை எழுதியவன் நான். அனுப்பும்போது திரையில் ஒரு பட்டை நிறையும். போய்ச் சேர்ந்தால் பச்சை, சேராவிட்டால் சிவப்பு. அந்த நிறங்களில் எனக்கு அவ்வளவு பெருமை.

மூன்றாம் முறையும் முடிவுகள் போய்ச் சேராததால் மேலாளர் என்னை வரவழைத்தார். "சிவப்பு வந்தும் மறுபடி அனுப்பாம விட்டிருக்காரு. ஆளை மாத்திர வேண்டியதுதான்" என்றார், அண்ணனை வைத்துக்கொண்டே.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. "சார், எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுல இருந்து அப்படித்தான். கண்ணை மாத்த முடியாது. பட்டை இந்தத் தம்பி வரைஞ்சதுதான? அதை மாத்தச் சொல்லுங்க."

"ஒரு ஆளுக்காகவாய்யா?"

"இம்புட்டு வருசத்துல நான் தப்பு விட்டிருக்கேனா சார்? பட்டை வந்து ஒரு மாசந்தான் ஆகுது."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். நூல் சுற்றியது சிவப்புப் பேனா என்பதை அப்போதுதான் கவனித்தேன். அங்கேயே உட்கார்ந்து, சேராத பட்டைக்குத் தடித்த சாய்கோடுகள் போட்டு, மேலே 'போகவில்லை' என்று எழுதினேன். அண்ணன் இணையக் கம்பியைப் பிடுங்கிச் சோதித்தார். "இப்பத் தெரியுது" என்றார். நன்றியெல்லாம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் பட்டைகள் எல்லாவற்றிலும் கோடுகள் உண்டு. அழகாக இல்லை, எடுத்துவிடு என்பவர்களிடம் முடியாது என்கிறேன். திரைமுன் உட்காரப்போகிறவர்கள் எல்லாரும் அவரைப்போல வாய்விட்டுக் கேட்பார்களா என்ன?