கனகம்மாசத்திரத்தில் மேயும் என் குதிரை

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் பெண் குதிரையின் வாலில் சிவப்புத் துணி கட்டினேன். உதைக்கும் குதிரை, பின்னால் வராதீர்கள் என்பதற்கான அடையாளம் அது. சவாரி பழகியவர்களுக்குத் தெரியும். திருத்தணியில் அதை வேறுவிதமாக எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அரக்கோணம் சாலையில் அவளை நடத்திப் போனேன். புஷ்பக் காவடியோடு மலைக்குப் போன கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் விலகி வந்து, வேண்டுதல் துணி என்று நினைத்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். நான் கத்துவதற்குள் பின்னங்கால் பறந்தது. அவர் கையிலிருந்த சில்வர் தூக்கு சாலையைத் தாண்டி உருண்டது.

"இன்னாங்க இது, சாமி குதிரைன்னு வந்தா ஒதைக்குது!"

"சாமி குதிரைன்னு உனுக்கு யாரு சொன்னதுக்கா? நீயா போய் பின்னாடி நின்னுகினு... தூக்கோட போச்சேன்னு வா," என்று கூட வந்தவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சாண் தள்ளியிருந்தால் அந்த அம்மாளின் இடுப்பு.

அவளைக் குட்டியாக வாங்கி, வீட்டின் பின்புறக் கொட்டகையில் தனியாக வளர்த்தேன். என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் சாப்பிட உள்ளே போனாலே கனைப்பாள். அதில் எனக்குப் பெருமை. குதிரைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்த பிறகுதான் புரிந்தது. மந்தையில் ஒரு குதிரை முதலில் காதை மடக்கும், பிறகு வாலை வீசும், பிறகு காலைத் தூக்கிக் காட்டும். எதற்கும் மற்றது விலகாவிட்டால்தான் உதைக்கும். என்னவளுக்குக் கடைசியில் இருப்பது மட்டும்தான் தெரியும். மற்றதைச் சொல்லிக்கொடுக்க இன்னொரு குதிரை அவளுக்கு இருந்ததில்லை.

அக்காவின் கணவர் கனகம்மாசத்திரத்தில் மாந்தோப்புக்குள் நான்கு குதிரைகள் வைத்துச் சவாரி கற்றுக்கொடுக்கிறார். அவளை அவற்றோடு விட்டுப் பழக்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"கொண்டாந்து வுடு மச்சான். ஆனா அது மத்ததோட சேர்ற வரைக்கும் நீ வேலிக்குள்ள வரக்கூடாது. வந்தா உங்கிட்டயே ஒட்டிக்கினு நிக்கும்."

"வெளியே நின்னு பாக்கலாமா பாவா?"

"ஆங், பாரு. கூப்டாத."

அவளைக் கொண்டுபோய் விட்ட பிறகும், விடியலில் பழக்கத்தில் எழுந்து, ஊறவைத்த கொள்ளை எடுக்கப் போவேன். கொட்டகையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

உதைத்தாலும் மற்றவற்றுக்குக் காயம் படாதிருக்க, பாவா அவளுடைய பின்னங்கால் லாடங்களைக் கழற்றினார். முதலில் நடுவில் வேலி வைத்து மூக்கோடு மூக்கு முகரவிட்டார். ஆயுத பூஜை முடிந்ததும் கிழட்டு வெள்ளைக் குதிரையை மட்டும் உள்ளே விட்டார். என்னவள் உடனே பின்பக்கத்தைத் திருப்பினாள். கிழடு காதை மட்டும் மடக்கியது, நகரவில்லை. அவள் காலைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்று, கீழே வைத்தாள். வேலிக்கு வெளியே அவள் பெயரை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு நின்றேன்.

பிறகு மற்றவற்றையும் விட்டார். சண்டை வராமலிருக்கத் தீவனத்தைக் குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியல் கூடுதலாகவே போட்டுவைப்பார். கார்த்திகை மழை ஓய்ந்தபோது அவளும் கிழடும் தலைமாற்றி நின்று, ஒன்றின் முகத்து ஈயை மற்றது வாலால் ஓட்டிக்கொண்டிருந்தன.

பொங்கலுக்கு மறுநாள், சவாரி பழகும் பெண் ஒருத்தி தன் குதிரையை என்னவளுக்கு நேர் பின்னால் நிறுத்தினாள். என்னவள் காதை மடக்கினாள், அவ்வளவுதான்.

"சரியாயிடுச்சு. கூட்டிகினு போறியா?" என்றார் பாவா.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆடியிலிருந்து காத்திருந்தேன். ஆனால் வீட்டில் அவளுக்கு என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

"இங்கயே இருக்கட்டும் பாவா."

இப்போது ஞாயிறுதோறும் பஸ்ஸில் போகிறேன். அவள்மேல் ஏறித் தோப்பைச் சுற்றி வருவேன். போன ஞாயிறு சேணத்தை அவிழ்த்ததும் உடம்பை ஒருமுறை சிலிர்த்துவிட்டு நேராகக் கிழட்டுக் குதிரையிடம் நடந்தாள்.

"கூப்டு மச்சான், திரும்பும்," என்றார் பாவா.

திரும்புவாள் என்று எனக்கும் தெரியும். சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.